எண் கேட்டால் எழுத்து வருகிறது: கன்சோல் நிரலில் உள்ளீட்டைச் சரிபார்க்க எந்த வழி?

பைத்தான் கற்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே எழுதிவிடும் நிரல் ஒன்று உண்டு. வயதைக் கேட்கும், ஒன்றைக் கூட்டும், "அடுத்த ஆண்டு உங்கள் வயது இத்தனை" என்று சொல்லும். எழுதியவர் ஓட்டிப் பார்க்கும்வரை ஒழுங்காகத்தான் ஓடும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்ததும் அவர் "இருபது" என்று தட்டுவார், இல்லையென்றால் எதையும் தட்டாமலே என்டரை அழுத்துவார். நாலு வரிப் பிழைச் செய்தி வரும், கடைசி வரியில் வேல்யூஎரர் (மதிப்பு சரியில்லை என்ற பிழை) என்று இருக்கும், நிரல் நின்றுவிடும்.

இதைத் தடுக்க வழி தேடினால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. இஸ்டிஜிட் போட்டுப் பார் என்கிறார் ஒருவர். டிரை–எக்செப்ட் போதும் என்கிறார் இன்னொருவர். எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் ரீஜெக்ஸ்தான் முறையான வழி என்று மூன்றாமவர் சொல்ல, இதற்கெல்லாம் லைப்ரரி இருக்கிறதே என்கிறார் நான்காமவர். நாலுமே ஏதோ ஓர் இடத்தில் சரி என்பதால் புதியவர் குழம்பிப்போகிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண் வேண்டுமென்றால் எண்ணாக மாற்றிப் பாருங்கள், மாறாவிட்டால் பிழையைப் பிடியுங்கள். அதாவது டிரை–எக்செப்ட். ஆனால் எல்லா உள்ளீடும் எண் அல்ல. எங்கே மற்ற வழிகள் இதைவிட நல்லவை, ஒவ்வொன்றிலும் எங்கே கால் இடறும் என்பதைத்தான் கீழே விரிவாகப் பார்க்கப்போகிறோம். உதாரணங்கள் பைத்தானில் இருக்கும். மற்ற மொழிக்காரர்களுக்குக் கடைசியில் சில வரிகள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது: தவறான உள்ளீட்டை உள்ளே விடுகிறதா?

இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை: சரியான உள்ளீட்டை வெளியே தள்ளுகிறதா? ஒழுங்காகத் தட்டியவரிடம் "தவறு, மறுபடி தட்டுங்கள்" என்று சொல்லும் நிரல், பிழையோடு நிற்கும் நிரலைவிட எரிச்சலூட்டும். ஏனென்றால் தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை புரியாது.

மூன்றாவது, தவறு என்று தெரிந்ததும் பயனரிடம் என்ன சொல்ல முடிகிறது? நான்காவது, அவர் வெளியேற நினைத்தால் வழி இருக்கிறதா? ஐந்தாவது, நாளைக்குத் தேவை மாறினால் எவ்வளவு மாற்றி எழுத வேண்டும்? வயது கேட்ட இடத்தில் வெப்பநிலை கேட்க வேண்டியிருந்தால் கழித்தல் குறியும் தசமப் புள்ளியும் வந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்து வைத்துக்கொள்வோம். வடிவம் வேறு, வரம்பு வேறு. -5 என்பது நல்ல முழு எண், ஆனால் வயது அல்ல. 300-ம் அப்படித்தான். வடிவத்தைச் சரிபார்க்கும் வேலைக்குள் வரம்பையும் திணிக்கப் பார்த்தால் இரண்டுமே சொதப்பும். முதலில் எண்ணாக்குங்கள், அப்புறம் தனியாக ஓர் இஃப் போட்டு வரம்பைப் பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு செய்தி காட்டுங்கள்.

## எழுத்தெழுத்தாகப் பார்ப்பது: இஸ்டிஜிட்

பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் ஃபங்ஷன் எப்போதும் ஸ்ட்ரிங்கைத்தான், அதாவது எழுத்துகளின் வரிசையைத்தான் தரும். 25 என்று தட்டினாலும் அது '2', '5' என்ற இரண்டு எழுத்துகள்தான். அந்த எழுத்துகள் எல்லாமே இலக்கங்களா என்று இஸ்டிஜிட் பார்க்கும். ஒரே வரியில் முடிகிறது, படித்தாலும் உடனே புரிகிறது. புதியவர்களுக்கு முதலில் பிடித்துப்போவது இதனால்தான்.

அது சொல்வதும், ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்றும் இன்ட் உண்மையில் செய்வதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

| தட்டியது | இஸ்டிஜிட் சொல்வது | இன்ட் தருவது |
|---|---|---|
| 25 | ஆம் | 25 |
| 25, முன்னும் பின்னும் இடைவெளியுடன் | இல்லை | 25 |
| -5 | இல்லை | -5 |
| +5 | இல்லை | 5 |
| 007 | ஆம் | 7 |
| 3.0 | இல்லை | வேல்யூஎரர் |
| 1,000 | இல்லை | வேல்யூஎரர் |
| 1_000 | இல்லை | 1000 |
| ௨௫ | ஆம் | 25 |
| ௰ | இல்லை | வேல்யூஎரர் |
| ² | ஆம் | வேல்யூஎரர் |
| வெறும் என்டர் | இல்லை | வேல்யூஎரர் |

கடைசிக்கு முந்திய வரிதான் ஆபத்தானது. மேலெழுத்து 2-ஐ இஸ்டிஜிட் இலக்கம் என்று ஒப்புக்கொள்கிறது, இன்ட் மறுக்கிறது. "சரிபார்த்துவிட்டோமே" என்ற தைரியத்தில் அடுத்த வரியில் இன்ட் எழுதியிருந்தால், தடுக்க நினைத்த அதே பிழையோடு நிரல் நிற்கும். இதற்கு இஸ்டெசிமல் நல்ல மாற்று, ² அதில் சிக்கிக்கொள்ளும். தமிழ் எண்கள் இரண்டிலும் செல்லும். ௨௫ என்று தட்டினால் இன்ட் அதை 25 ஆகவே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து வகைப்படுத்தும் யூனிகோட் அவற்றைத் தசம இலக்கங்களாகவே வைத்திருக்கிறது. பத்தைக் குறிக்கும் ௰ அந்த வகையில் சேராது.

மறைந்திருக்கும் செலவு அடுத்த கட்டத்தில் வருகிறது. எதிர்ம எண்ணும் வேண்டும் என்றானதும், ரிப்ளேஸ் கொண்டு கழித்தல் குறியை நீக்கிவிட்டு இஸ்டிஜிட் போடுவார்கள். அப்போது "5-3" என்று தட்டினால் குறி போய் "53" ஆகிச் சோதனையில் தேறிவிடும், இன்ட் விழுந்துவிடும். முன்னால் இருக்கும் குறியை மட்டும் நீக்கினால் "--5" தேறிவிடும். அப்புறம் தசமப் புள்ளிக்கு ஒரு ரிப்ளேஸ், முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்க ஒரு ஸ்ட்ரிப் என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். எது எண் என்பதைப் பைத்தான் ஏற்கெனவே முழுமையாக அறிந்து வைத்திருக்க, அதையே நாம் அரைகுறையாகத் திரும்ப எழுதுகிறோம்.

எல்லாமே எழுத்துகளா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபாவைப் பெயரைச் சரிபார்க்கப் பயன்படுத்துவது இதைவிட மோசம். தமிழில் தட்டும் பயனருக்கு அது நேரடியாக அநியாயம் செய்கிறது. "கமல" என்றால் ஆம் என்கிறது, "கமலா" என்றால் இல்லை என்கிறது. காரணம், துணைக்கால் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கிறது. புள்ளியும் கொம்பும் அப்படியே. "தமிழ்" என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் 3 வராது, 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணப்படுகிறது. ஆகவே பெயருக்கு இஸ்ஆல்ஃபாவும் வேண்டாம், குறைந்தபட்சம் இத்தனை எழுத்து என்ற கட்டுப்பாடும் வேண்டாம். ஸ்ட்ரிப் செய்து, காலியாக இல்லையா என்று மட்டும் பாருங்கள். பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய நம் நிரலுக்கு உரிமை இல்லை.

சரி, இஸ்டிஜிட் வகையறாவுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. நாலு இலக்க ரகசிய எண், அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண் போன்றவை பெயரளவில்தான் எண்கள். அவற்றைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. 0042 என்பதை இன்ட் மூலம் மாற்றினால் 42 ஆகி, முன்னால் இருந்த சுழிகள் தொலைந்துவிடும். இங்கே ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொண்டு நீளத்தையும் இஸ்டெசிமலையும் பார்ப்பதுதான் சரி. 0 முதல் 9 வரையான இலக்கங்கள் மட்டும் போதுமென்றால் இஸ்ஆஸ்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் 3.7 முதல் அது இருக்கிறது.

## மாற்றிப் பார்ப்பது: டிரை–எக்செப்ட்

இதில் நாம் தீர்ப்புச் சொல்வதில்லை. டிரை பகுதிக்குள் இன்ட் மூலம் மாற்றச் சொல்கிறோம். மாறினால் மேலே போகிறோம், வேல்யூஎரர் வந்தால் எக்செப்ட் பகுதியில் செய்தி காட்டிவிட்டு மறுபடி கேட்கிறோம். சோதிப்பதும் மாற்றுவதும் ஒன்றாகவே இருப்பதால் இரண்டுக்கும் இடையே முரண்பாடு வரவே முடியாது. முதல் இரண்டு அளவுகோல்களிலும் இந்த வழி வெல்வது இதனால்தான். வெப்பநிலைக்கு மாற வேண்டுமா? இன்ட் இருந்த இடத்தில், தசம எண் தரும் ஃப்ளோட் என்று மாற்றினால் முடிந்தது.

தேதிக்கும் இதே வழிதான். ஸ்ட்ரிங்கைத் தேதியாக மாற்றும், டேட்டைம் மாட்யூலின் எஸ்டிஆர்பிடைம், பிப்ரவரி 31 என்று தட்டினால் வேல்யூஎரர் தரும். 2024 பிப்ரவரி 29-ஐ ஏற்கும், 2023 பிப்ரவரி 29-ஐ மறுக்கும். லீப் ஆண்டுக் கணக்கை நாம் எழுத வேண்டியதில்லை.

ஆனால் இந்த வழியிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

எக்செப்ட் என்று வெறுமனே எழுதாதீர்கள், பக்கத்தில் வேல்யூஎரர் என்று பெயரைக் குறிப்பிடுங்கள். வெறும் எக்செப்ட் எல்லாவற்றையும் பிடிக்கும். இன்புட் வரியும் டிரைக்குள் இருந்தால், பயனர் வெளியேற நினைத்து கன்ட்ரோல்-சி அழுத்தும்போது எழும் கீபோர்டுஇன்டரப்ட்டும் அதில் மாட்டிக்கொள்ளும். "தவறான எண், மறுபடி தட்டுங்கள்" என்று நிரல் சொல்லும். அவர் மறுபடி அழுத்துவார், மறுபடி அதே செய்தி. உள்ளீட்டைக் கோப்பிலிருந்து அனுப்பி, கோப்பு முடிந்துவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் இஓஎஃப்எரர் எழும், வெறும் எக்செப்ட் அதை விழுங்கும், திரை முழுவதும் அதே வரி ஓடிக்கொண்டே இருக்கும். நான்காவது அளவுகோல், வெளியேறும் வழி, இந்த ஒற்றைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

டிரைக்குள் மாற்றும் வரி மட்டும் இருக்கட்டும். கணக்குப் போடும் வரிகளையும் உள்ளே வைத்தால், கணக்கில் நாம் செய்த பிழைக்கும் பயனரைக் குற்றம் சொல்லும் செய்தி வரும். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நாளெல்லாம் தேட வேண்டியிருக்கும்.

ஃப்ளோட் சில விசித்திரங்களை உள்ளே விடும். "இன்ஃப்" என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் முடிவிலி, "நான்" என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் எண்ணல்லாத எண். இந்த நான் எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. ஆகவே "0-ஐவிடச் சிறியது அல்லது 100-ஐவிடப் பெரியது என்றால் மறு" என்று எழுதியிருந்தால் அது நேராக உள்ளே வந்துவிடும். நிபந்தனையைத் திருப்பி, "0-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்" என்று எழுதுங்கள். அப்போது நான் வெளியே நிற்கும். மறுக்கும் காரணங்களைப் பட்டியலிடுவதைவிட ஏற்கும் நிபந்தனையை எழுதுவது எங்குமே பாதுகாப்பானது.

பணக் கணக்குக்கு ஃப்ளோட்டுக்குப் பதில் டெசிமல் வகையை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறான ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அது வேல்யூஎரர் தராது. இன்வேலிட்ஆபரேஷன் என்ற வேறொரு பிழையைத் தரும், அது வேல்யூஎரரின் வாரிசும் இல்லை. எக்செப்ட் வரியை மாற்றாமல் விட்டால் நிரல் நின்றுவிடும்.

ஆம்–இல்லை கேள்விக்கு, ட்ரூ (சரி) அல்லது ஃபால்ஸ் (தவறு) தரும் பூல் மூலம் மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்குக்கும் பூல் தரும் பதில் ட்ரூதான், "இல்லை" என்று தட்டினாலும்கூட.

மூன்றாவது அளவுகோலில் மட்டும் இந்த வழி சற்றுப் பின்தங்கும். மாறவில்லை என்று தெரியும், ஏன் என்று தெரியாது. காலியாக விட்டதா, காற்புள்ளி போட்டதா? எக்செப்ட் பகுதிக்குள் காலியா என்று பார்த்து வேறு செய்தி காட்டினாலே பாதிக் குறை தீரும்.

## அச்சு வைத்துப் பொருத்துவது: ரீஜெக்ஸ்

இரண்டு எழுத்து, ஒரு கோடு, நாலு இலக்கம் என்று வடிவம் கறாராக இருக்கும் குறியீட்டுக்கு ரீஜெக்ஸ் மாதிரி வேறொன்று இல்லை. ஸ்லைஸும் இஃபுமாகப் பத்து வரி எழுத வேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வகை உள்ளீடு உங்கள் நிரலில் இருந்தால் தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணுக்கோ தேதிக்கோ அதை எடுப்பதுதான் வீண் வேலை. தேதியின் வடிவத்தைப் பொருத்தும் ரீஜெக்ஸ் பிப்ரவரி 31-ஐ மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். கடைசியில் எஸ்டிஆர்பிடைமைத்தான் கூப்பிட வேண்டும்.

புதியவர்கள் வழக்கமாகச் சறுக்குவது மேட்ச் ஃபங்ஷனில். அது தொடக்கத்தில் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். நாலு இலக்கம் கேட்டால் "1234அஆஇ" கூடத் தேறிவிடும். முழுவதும் பொருந்த வேண்டுமென்றால் ஃபுல்மேட்ச், பைத்தான் 3.4-இலிருந்து இருக்கிறது. சொல் எழுத்துகளைக் குறிக்கும் டபிள்யூ (\w) குறியீடும் இஸ்ஆல்ஃபா செய்த அதே தவறைச் செய்யும். தமிழ்ப் புள்ளியிலும் துணைக்காலிலும் நின்றுவிடும்.

எளிதாகத் தெரியும் ரீஜெக்ஸ்கூட எவ்வளவு நேரம் தின்னும் என்பது பார்த்தவுடன் தெரியாது. 2016 ஜூலை 20 அன்று, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. காரணம், வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்க எழுதிய ஒரு ரீஜெக்ஸ். இருபதாயிரம் அளவுக்குத் தொடர்ச்சியான வெற்றிட எழுத்துகள் கொண்ட ஒரு பதிவு அதில் சிக்கியது. ஸ்ட்ரிப் செய்யும் வேலையை ஸ்ட்ரிப்பிடமே விடுங்கள்.

## பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது

மெனுவில் 1, 2, 3 என்று கேட்டால் எண்ணாக மாற்றவே வேண்டாம். "1" என்ற ஸ்ட்ரிங்கையே அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலோடு ஒப்பிடுங்கள், பிழை எழ வாய்ப்பே இல்லை. இன்னும் ஒரு படி போய் டிக்ஷனரியில் சாவியாக "1", மதிப்பாக அதற்கான ஃபங்ஷன் என்று வைத்தால், சரிபார்ப்பும் வேலைப் பங்கீடும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். புதிய வாய்ப்பைச் சேர்க்க ஒரு வரி போதும்.

இரண்டு பொறிகள் மட்டும். பட்டியலுக்குப் பதிலாக "123" என்ற ஸ்ட்ரிங்கில் இருக்கிறதா என்று கேட்டால், "12" என்பதும் இருக்கிறது, வெறும் என்டர் தரும் காலி ஸ்ட்ரிங்கும் இருக்கிறது. மற்றது, "பதில் ஆம்-க்குச் சமமா அல்லது ஆ" என்று பேச்சில் வருவது போலவே நிபந்தனையை எழுதுவது. "ஆ" என்ற காலியல்லாத ஸ்ட்ரிங் எப்போதும் ட்ரூ என்பதால், பயனர் எதைத் தட்டினாலும் ஆம்தான்.

## லைப்ரரி

பைஇன்புட்பிளஸ் என்று ஒன்று இருக்கிறது. இன்புட்இன்ட் என்று கூப்பிட்டு, குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை வாய்ப்பு என்று கொடுத்தால், சரியான எண் வரும்வரை அதுவே கேட்டுக்கொள்ளும். ஆம்–இல்லை, மெனு, தேதி எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபங்ஷன் உண்டு. பத்துப் பதினைந்து கேள்வி கேட்கும் நிரலை அவசரமாக முடிக்க வேண்டுமென்றால் கைகொடுக்கும்.

விலை இரண்டு. நிரலை ஓட்டும் ஒவ்வொரு கணினியிலும் அதை நிறுவியிருக்க வேண்டும். பாடத்துக்காகக் கொடுக்கும் நிரல் திருத்துபவரின் கணினியில் முதல் வரியிலேயே நின்றுவிடலாம். அடுத்து, அதன் செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கற்கும் காலத்தில் இந்த லூப்பை ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்க்காமல் தாண்டிப்போனால், பிழை கையாளுதல் என்ற பாடமே நழுவிவிடும் என்பது.

## எதை எடுத்தாலும் மறுபடி கேட்கும் லூப்

வைல் ட்ரூ என்று தொடங்கி, சரியான மதிப்பு கிடைத்ததும் ரிட்டர்ன் செய்யும் ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதுங்கள். கேள்வி, குறைந்தபட்சம், அதிகபட்சம் மூன்றையும் அதற்கு அளவுருக்களாகக் கொடுத்தால் நிரல் முழுவதும் அதையே பயன்படுத்தலாம்.

தவறான உள்ளீடு வந்ததும் அந்த ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடும் முறையைப் பலர் எழுதுகிறார்கள். அதில் இரண்டாவது அழைப்பின் முன்னால் ரிட்டர்ன் எழுத மறந்தால், பயனர் முதலில் தவறாகவும் அடுத்து சரியாகவும் தட்டியபின் கிடைப்பது நன் (None) என்ற காலி மதிப்பு. சரியாகத் தட்டிய பிறகு நிரல் விழுவதால் காரணம் எளிதில் பிடிபடாது.

ஆக, கணக்குப் போடும் எண்ணும் தேதியும் டிரை–எக்செப்டுக்கு. கணக்குப் போடாத இலக்க வரிசை இஸ்டெசிமலுக்கு. மெனுவும் ஆம்–இல்லையும் பட்டியலுக்கு. கறாரான கலப்புக் குறியீடு ஃபுல்மேட்ச்சுக்கு. பெயருக்கு ஸ்ட்ரிப் மட்டும். ஒரே நிரலில் இவை எல்லாமே வரலாம், அதில் தவறில்லை.

## மற்ற மொழிகளில்

சி-ஷார்ப்பில் தேர்வே தேவையில்லை. டிரைபார்ஸ் மாற்றியும் பார்க்கும், முடிந்ததா இல்லையா என்று ட்ரூ அல்லது ஃபால்ஸும் தரும், எக்செப்ஷனும் எழாது.

ஜாவாவில் ஸ்கேனரின் நெக்ஸ்ட்இன்ட், எண்ணல்லாததைப் பார்த்தால் எக்செப்ஷன் தரும், ஆனால் அந்தச் சொல்லை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடும். எக்செப்ஷனைப் பிடித்து லூப்பில் மறுபடி கேட்டால் அதே சொல்தான் திரும்ப வரும், முடிவில்லாமல். நெக்ஸ்ட்லைன் மூலம் முழு வரியையும் வாங்கி, இன்டிஜர் வகுப்பின் பார்ஸ்இன்ட் மூலம் மாற்றுங்கள்.

சி மொழியில் ஸ்கேன்எஃப்பும் இதே போலத்தான் சிக்கவைக்கும். அங்கே ஏடிஓஐ கொண்டு மாற்றினால், பயனர் 0 தட்டினாரா, குப்பை தட்டினாரா என்று பிரித்தறிய முடியாது, இரண்டுக்கும் 0 வரும். எஃப்கெட்ஸ் மூலம் வரியை வாங்கி எஸ்டிஆர்டிஓஎல் கொண்டு மாற்றுங்கள், எந்த எழுத்தில் நின்றது என்பதையும் அது சொல்லும். பழைய பாடக் குறிப்புகளில் கெட்ஸ் இருந்தால் அதைத் தொடாதீர்கள். வாங்கும் இடத்தின் அளவைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு போகும் அந்த ஃபங்ஷன்தான் 1988 நவம்பரில் இணையத்தில் கணினிக்குக் கணினி தானே பரவிய மோரிஸ் புழு என்ற நிரலுக்கு ஒரு வாசலாக இருந்தது. 2011-இன் சி தரத்திலிருந்து அதை நீக்கிவிட்டார்கள்.